மீன் தந்த எலும்பு மருந்து

எலும்பு உயிரற்ற கல்லன்று. அதன் ஒரு பகுதி நாள்தோறும் கரைவதும், கரைந்த இடத்தில் புதிய எலும்பு படிவதும் இயற்கை. இளமையில் படிவது மிகுதி; முதுமையில் கரைவது மிகுதி. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இக்கரைவு விரைவுபெறும். எலும்பு உள்ளே சல்லடைபோலாகிச் சிறு சறுக்கலிலும் முறியும். இந்நோயை மருத்துவர் ஆஸ்டியோபொரோசிஸ் என்பர். இதற்கென மூக்கில் தெளிக்கும் மருந்தொன்று வந்த வரலாறும், பின்னர் அதன் மதிப்புக் குறைந்த வரலாறும் கற்போர் அறியத்தக்கவை.

கண்டவரும் திருத்தியவரும்

கனடாவின் வான்கூவர் நகரில், பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் உடலியல் பேராசிரியராக விளங்கியவர் ஹரால்டு காப். நாய்களின் கழுத்துச் சுரப்பிகள் வழியே சுண்ணச்சத்து மிகுந்த இரத்தத்தைச் செலுத்தி அவர் ஆராய்ந்தார். உடலிலுள்ள இரத்தத்தின் சுண்ணச்சத்து எதிர்பார்த்ததினும் விரைந்து குறைந்தது. ஆகவே, அதனைக் குறைக்கும் ஹார்மோன் ஒன்று உண்டென 1961-ஆம் ஆண்டில் அறிவித்து, அதற்குக் கால்சிடோனின் எனப் பெயரிட்டார். அது எலும்பை அரிக்கும் உயிரணுக்களை அடக்குவது. பாராதைராய்டு சுரப்பியே அதன் பிறப்பிடம் என்று காப் கருதினார். தைராய்டு சுரப்பியே பிறப்பிடம் என்பதை 1964-இல் லண்டனில் இயன் மக்கின்டயர் குழுவினர் ஆடுகளைக் கொண்டு நிறுவினர்.

கடலிலிருந்து மூக்கிற்கு

மீன்களில் இந்த ஹார்மோன் தனிச் சுரப்பியொன்றில் ஊறுகிறது. சால்மன் மீனின் கால்சிடோனின் மனித உடலில் மனிதக் கால்சிடோனினைவிடப் பன்மடங்கு வலிமையுடன் வேலை செய்வது வியப்பே. அது 32 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. அதனை விழுங்கினால் வயிற்றிலேயே சிதைந்துவிடும். எனவே முதலில் ஊசி வழியே செலுத்தினர். நாள்தோறும் ஊசி குத்திக்கொள்வது யாருக்கும் எளிதன்று. மூக்கின் மெல்லிய தோல் வழியே மருந்து இரத்தத்திற் சேரும் என்பதறிந்து தெளிமருந்து செய்தனர். அமெரிக்க அரசு 1995-இல் அதற்கு இசைவளித்தது.

நிறுத்துப் பார்த்த காலம்

2000-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றில் 1,255 பெண்கள் ஐந்தாண்டுகள் கவனிக்கப்பெற்றனர். நாளொன்றுக்கு 200 அலகு தெளித்தவரிடையே புதிய முதுகெலும்பு முறிவுகள் 33 விழுக்காடு குறைந்திருந்தன. ஆனால் 400 அலகு தெளித்தவரிடம் அத்தகைய உறுதியான பயன் தெரியவில்லை. பாதிக்கு மேற்பட்டோர் இடையிலேயே விலகியுமிருந்தனர். இடுப்பெலும்பைக் காக்கும் என்பதற்குச் சான்று கிட்டவில்லை.

2012-இல் ஐரோப்பிய மருந்து ஆணையம் பழைய ஆய்வுகளைத் திரட்டி நோக்கிற்று. நெடுங்காலம் கால்சிடோனின் கொண்டவரிடையே புற்றுநோய் சற்றே மிகுந்து காணப்பட்டது. மூக்குத் தெளிமருந்தில் அம்மிகுதி 2.4 விழுக்காடு. எலும்பு நலிவுக்கு இதனை இனி வழங்கலாகாது என ஆணையம் பரிந்துரைத்தது. அமெரிக்க அரசு தடைசெய்யாமல், எச்சரிக்கையை மருந்துக் குறிப்பில் சேர்த்தது.

கையாளும் முறை

மருத்துவர் எழுதிக்கொடுத்தாலன்றி இதனைத் தொடலாகாது. நாளொன்றுக்கு ஒருமுறை, ஒரு மூக்குத்துளையில் மட்டும் தெளித்தல் வேண்டும். இன்று வலம் எனில் நாளை இடம். திறவாத குப்பி குளிர்பதனப் பெட்டியில் இருத்தல் வேண்டும். பயன்படுத்தத் தொடங்கிய குப்பியை அறை வெப்பத்தில் நிமிர்த்தி வைத்து, குறிப்பிலுள்ள நாள் கடந்ததும் எறிந்துவிட வேண்டும். மூக்கில் புண்ணோ மிகுந்த குருதிக் கசிவோ தோன்றினால் மருத்துவரிடம் காட்டுக. சுண்ணச்சத்தும் வைட்டமின் டி-யும் குறையாதிருத்தலும் இன்றியமையாதது. இம்மருந்தை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து வருவோர், இன்னும் அது வேண்டுமா என மருத்துவரை வினவுதல் நன்று.

ஊசியின் வலியை மூக்குத் தெளிப்பு நீக்கியது உண்மை. எனினும் எளிமை வேறு, தீங்கின்மை வேறு. காப் பிழைபடக் கருதியதை மூன்றாண்டுகளில் பிறர் திருத்தினர். மருந்தின் தீங்கை உணரவோ பதினேழு ஆண்டுகள் சென்றன. நேற்று நன்றெனக் கண்டதையும் இன்று மீண்டும் நிறுத்துப் பார்ப்பதே மருத்துவ அறிவின் நேர்மை.