தண்ணீர் தூக்கிய தோல்

பழங்கருவிகளின் பெருமை என்றதும் அரண்மனை வாளையும் சபா வீணையையும் காட்டியே நம்மைப் பழக்கியிருக்கிறார்கள். நாம் கரிசல் காட்டுக் கிணற்றிலிருந்து தொடங்குவோம்.

விருதுநகர், சாத்தூர், சிவகாசி வட்டாரத்துத் தோட்டங்களில் மோட்டார் வரும்வரை தண்ணீர் இறைத்தது கமலை. இரும்புக் கூனையின் அடியில் தோல்வால் பொருத்தப்பட்டிருக்கும். கூனையை வடம் தூக்கும். வாலின் திறந்த வாயை வால்கயிறு மேல்நோக்கி மடக்கிப் பிடித்திருப்பதால் வழியில் தண்ணீர் சிந்தாது. மேலே வந்ததும் வால் தொட்டிக்குள் நீளும். கூனை அதற்கும் மேலே உயரும். தண்ணீர் தானாகக் கொட்டும். மாடுகளைச் சரிவில் ஓட்டும் ஒருவரே போதும், கவிழ்த்துவிட இன்னோர் ஆள் வேண்டாம். வடம், வால்கயிறு, வால் மூன்றின் அளவும் பொருந்தினால்தான் இது நடக்கும்.

அந்த வாலைத் தைத்தவர்கள் அருந்ததியர். தோலைச் சுண்ணாம்பில் ஊறவைத்து மயிர் நீக்கினார்கள், ஆவாரம்பட்டையில் பதப்படுத்தினார்கள், எண்ணெய் ஊட்டித் தோல்வாரால் தைத்தார்கள். நாளெல்லாம் நனைந்து காயும் தையல் பிரியக்கூடாது. பிரிந்தால் பயிர் காயும். இந்தத் தொழில்நுட்பத்துக்குக் கிடைத்த கூலி, களத்துமேட்டுத் தானியம். பழைய வருவாய் ஆவணங்களில் இத்தகைய பங்குக்குச் 'சுதந்திரம்' என்று பெயர்!

தோட்டத்துக்குப் பாய்ந்த தண்ணீர் முழுவதும் அவர்கள் தைத்த தோலின் வழியாகவே வந்தது. ஆனால் ஊர்க் கிணற்றில் அவர்கள் கை படக்கூடாது. தோலுக்கு இல்லாத தீட்டு, தைத்த கைக்கு எங்கிருந்து வந்தது? 1927 மார்ச் 20 அன்று மகாடு சவுதார் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் தண்ணீரை அள்ளிக் குடித்தது இந்தக் கேள்வியைத்தான் எழுப்பியது.

பறையின் கதையும் தோலின் கதைதான். மூன்று மரத்துண்டுகளை வளையமாக இணைத்து, புளியங்கொட்டைப் பசையால் தோலை ஒட்டி, தீயில் காய்ச்சிச் சுதி சேர்க்கும் அறிவு அது. சாவுக்கு அடிக்கும்படி கட்டாயப்படுத்தப்பட்டபோது நம்மவர்கள் பறையை மறுத்தார்கள். பிறகு விடுதலையின் கருவியாக மீட்டார்கள். 2025இல் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. கமலை வாலுக்கு அப்படி ஒரு மீட்பு நடக்கவில்லை.

1950, 60களில் கிராமங்களுக்கு மின்சாரம் பரவியது. கமலை ஓய்ந்தது, களத்துத் தானியமும் நின்றது. 1923 முதல் சிவகாசியில் வளர்ந்துவந்த தீப்பெட்டித் தொழிலும் பட்டாசுத் தொழிலும் மழை பொய்த்த குடும்பங்களை இழுத்துக்கொண்டன. அங்கே நல்ல கருவி என்பது உயிர்ப் பிரச்சினை. இரும்பு உரசினால் பொறி பறக்கும். மருந்து கையாள மரம், பித்தளை போன்ற பொறி எழுப்பாத கருவிகள் வேண்டும். 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டி வெடிவிபத்தில் 38 பேர் மாண்டார்கள். உழைப்பவரின் உடலைக் காக்காத தொழிலில் கருவிக்கு என்ன மதிப்பு?

அருங்காட்சியகத்தில் கூனையை வைத்து, 'நீர் இறைக்கும் பழங்காலக் கருவி' என்று எழுதினால் போதாது. தைத்தவர் யார், பெற்ற கூலி என்ன, எந்தக் கிணற்றிலிருந்து விலக்கப்பட்டார் என்பதும் அந்தப் பலகையில் வேண்டும். மாணவத் தோழர்களே, கமலை வால் தைத்த முதியவர்கள் நம் தெருக்களில் இன்னும் சிலரேனும் இருப்பார்கள். தையலின் பெயர், தோலின் அளவு, கொடுத்த தானியம், கொடுக்காமல் விட்ட தானியம் எல்லாவற்றையும் கேட்டு எழுதுங்கள். அதுதான் நம் வரலாற்றின் முதல் ஆவணம்.