தோற்றவர் தந்த கதை

1980-ஆம் ஆண்டு முஹம்மது அலி சென்னை நேரு விளையாட்டரங்கில் காட்சிப் போட்டியொன்றில் குத்துச்சண்டை ஆடினார். அவருடைய முந்தைய ஆட்டம் ஒன்றே ‘ராக்கி’ (1976) என்னும் ஹாலிவுட் படத்துக்குக் கருவாயிற்று என்பதை நம்மில் பலர் அறியோம்.

1975 மார்ச் 24 அன்று அலியை எதிர்த்த சக் வெப்னர், பதினைந்தாம் சுற்று முடிய 19 நொடிகளே இருக்கும்வரை தாக்குப்பிடித்துத் தோற்றார். அதைக் கண்ட வறிய நடிகர் சில்வெஸ்டர் ஸ்டாலோன் சில நாள்களில் கதை எழுதினார்; நாயகன் வேடம் தமக்கே என்றால்தான் விற்பேன் என்று உறுதியாய் நின்றார். படம் ஆஸ்கார் விருது பெற்றது. வெப்னரோ 2003-இல் வழக்குத் தொடுத்தார். 2006-இல் சமரசம் ஆயிற்று.

சிலம்பக் களங்களைக் கண்டு வளர்ந்த மதுரைச் சீமையினர் நாம். வென்றவரைப் போற்றுவோம், இறுதிவரை நின்றவரையும் மறவாதிருப்போம்.