தொண்ணூறாமாண்டு கலகமும் ஒரு பாதி எரிந்த பெஞ்சும்

நான் பிழைக்க வந்திருக்கும் நியூசிலாந்தில் ஒரு சட்டம் இருக்கிறது. மாவட்ட நீதிமன்றத்தில் ஒருவர் குற்றத்தை ஒப்புக்கொள்கிறார், அந்தக் குற்றத்தால் அடிபட்ட ஆளும் இருக்கிறார் என்றால், நீதிபதி உடனே தண்டனையைச் சொல்லிவிட முடியாது. வழக்கைக் கொஞ்ச நாள் தள்ளிவைத்து, இரண்டு பேரும் நேருக்கு நேர் உட்கார்ந்து பேச வழி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்ல வேண்டும். 2014 டிசம்பரிலிருந்து இப்படி. அடிபட்டவர் மாட்டேன் என்றால் அத்தோடு சரி, யாரும் கட்டாயப்படுத்த மாட்டார்கள். சம்மதித்தால் பயிற்சி பெற்ற நடுவர் ஒருவர் முன்னிலையில் உட்காருகிறார்கள். அங்கே பேசி முடிவானதை நீதிபதி தண்டனை சொல்லும்போது கணக்கில் எடுத்துக்கொள்வார்.

ரெஸ்டோரேட்டிவ் ஜஸ்டிஸ் என்கிறார்கள். தமிழில் சீரமைப்பு நீதி என்று வைத்துக்கொள்வோம். எந்தச் சட்டத்தை மீறினாய், அதற்கு எத்தனை வருடம் என்பது கோர்ட்டின் வழக்கமான கேள்வி. யாருக்கு வலித்தது, அவருக்கு என்ன வேண்டும், அதைச் செய்ய வேண்டியவர் யார் என்பது இவர்களுடைய கேள்வி. ஹோவர்ட் ஸெர் என்ற அமெரிக்கர் 1990-ல் எழுதிய புத்தகத்துக்குப் பிறகு இந்தப் பேச்சு உலகம் முழுக்கப் பரவியது. ஆனால் நியூசிலாந்துக்காரர்கள் அதற்கு முன்பே, 1989-லேயே, சிறுவர் குற்றங்களுக்குக் குடும்பக் கூட்டம் என்று ஒன்றைச் சட்டமாக்கிவிட்டார்கள். மாவோரி மக்கள் குடும்பமாகக் கூடிப் பேசித் தீர்க்கும் வழக்கம்தான் அதற்கு மூலம்.

இதை ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் நம்மவர்களிடம் சொன்னபோது உடனே வந்த பதில்: "இது நம்ம ஊர் ஆலமரத்தடி பஞ்சாயத்துதானே! இதை வெள்ளைக்காரன் சொன்னாத்தான் கேப்பீங்களா?" எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். ஆனால் வீட்டுக்கு வந்து யோசித்தால் பதில் அவ்வளவு சுலபமாக இல்லை. பஞ்சாயத்து என்றால் யார் யாரை உட்கார வைத்த பஞ்சாயத்து? இதற்கு என்னிடம் இருக்கும் நல்ல உதாரணம் எங்கள் ஊர்ப் பக்கம்தான்.

எங்கள் ஊர்ப் பக்கம் என்றால் பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடைப்பட்ட கிராமங்கள். களியக்காவிளையில் ரோட்டைத் தாண்டினால் தமிழ்நாடு. 1956 நவம்பர் 1-ஆம் தேதி விளவங்கோடு தாலுகா சென்னை மாகாணத்தோடு போனது, நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றுவிட்டது. அதனால் எங்கள் குடும்பத்தில் பாதிப்பேர் அங்கே, பாதிப்பேர் இங்கே. பேச்சு தமிழ், பள்ளிக்கூடம் மலையாளம், கல்யாணம் இரண்டு பக்கமும். இந்த எல்லைக் கதையை இன்னொரு நாள் எழுதுகிறேன், அது பெரிய கதை.

எங்கள் வீட்டுப் பெரியவர்கள் திரும்பத் திரும்பச் சொன்ன சரித்திரம் ஒன்றுதான். தோள்சீலைக் கலகம். 1813-ல் கர்னல் மன்றோ கிறிஸ்தவர்களாக மாறிய சாணார் பெண்கள் குப்பாயம் போடலாம் என்று உத்தரவு போட்டது, 1829-ல் ராஜ விளம்பரம் மேல்சீலைக்குத் தடை சொன்னது, 1858 கடைசியிலும் 1859-லும் தெற்குத் திருவிதாங்கூர் முழுக்க அடிதடி நடந்து சந்தைகளில் பெண்களின் துணி கிழிக்கப்பட்டது. பிறகு சென்னை கவர்னர் ட்ரெவெலியன் அழுத்தம் கொடுத்தார். 1859 ஜூலை 26-ஆம் தேதி உத்திரம் திருநாள் மகாராஜாவின் விளம்பரம் வந்தது. பாட்டி இதைச் சொல்லும்போது குரல் தாழ்ந்துவிடும்.

அந்த விளம்பரம் என்ன சொன்னது என்பதைக் கவனமாகப் பார்க்க வேண்டும். சாணார் பெண்கள் குப்பாயம் போடலாம், அல்லது முக்குவப் பெண்கள்போல முரட்டுத் துணியைச் சுற்றிக்கொள்ளலாம். உயர்ந்த சாதிப் பெண்கள் அணியும் விதத்தில் மட்டும் அணியக்கூடாது! அதாவது உரிமையைக் கொடுத்த அதே காகிதத்தில் அவமானத்தையும் எழுதி ஒட்டிவிட்டார்கள். மகாராஜா, திவான் மாதவராவ், பிரிட்டிஷ் ரெசிடெண்ட், சென்னை கவர்னர் என்று பேசியவர்கள் எல்லோரும் பெரிய மனிதர்கள். துணி கிழிக்கப்பட்ட பெண் அந்தப் பேச்சில் எங்கும் இல்லை. கிழித்தவனும் இல்லை. அவர்கள் இருவரும் மறுநாள் காலை அதே சந்தைக்கு, அதே வழியில், பேச்சுவார்த்தை இல்லாமல் போனார்கள். வங்கிக்காரனாகச் சொன்னால், தலைமை அலுவலகத்தில் கணக்கைத் தள்ளுபடி செய்துவிட்டு கிளையில் யாருக்கும் சொல்லாமல் விட்டதுபோல.

இதுவரை தெரிந்த கதை. எங்கள் வீட்டில் யாரும் சொல்லாத கதை அதற்கு ஐம்பது வருடம் கழித்து, அதே நெய்யாற்றின்கரை தாலுகாவில் நடந்தது.

திருவிதாங்கூரில் அடிமை முறை முழுதாக ஒழிந்தது 1855-ல். அதுவரை நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்டவர்கள் புலையர்கள். காகிதத்தில் விடுதலை கிடைத்தது, ரோட்டில் நடக்க முடியாது. 1863-ல் வெங்ஙானூரில் பிறந்த அய்யங்காளி 1893-ல் ஒரு வில்வண்டி வாங்கி, மாடு பூட்டி, தடுக்கப்பட்ட பொது ரோட்டில் ஓட்டிக்கொண்டு போனார். எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆனால் பள்ளிக்கூடம்தான் சாவி என்று புரிந்துவைத்திருந்தார். 1907-ல் சாதுஜன பரிபாலன சங்கம் தொடங்கினார். 1912 முதல் ஸ்ரீமூலம் பிரஜா சபையில் உறுப்பினராக உட்கார்ந்து பேசினார். அந்தச் சங்கத்துக்கு வெங்ஙானூரில் சொந்தமாக ஒரு சமுதாயக் கோர்ட்டே இருந்தது. சர்க்கார் கோர்ட்டின் படியேற முடியாத மக்கள் தங்களுக்குள் வரும் தகராறுகளை அங்கே கொண்டுவந்து தீர்த்துக்கொண்டார்கள். ஆலமரத்தடி என்று கிண்டலடித்த நண்பருக்கு இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

புலையர் பிள்ளைகளைச் சர்க்கார் பள்ளியில் சேர்க்க மறுத்தபோது அய்யங்காளி கையில் எடுத்தது வேலைநிறுத்தம். எங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இல்லையென்றால் உங்கள் வயலில் நெல் இல்லை, புல்தான் முளைக்கும் என்று சொல்லிவிட்டார். தொழிற்சங்கம் என்ற வார்த்தையே அந்தப் பக்கம் வராத காலம்! நிலக்காரர்கள் சிரித்தார்கள். பட்டினி கிடந்தால் தானாக வருவார்கள் என்று இருந்தார்கள். அய்யங்காளி விழிஞ்ஞம் பக்கத்து மீனவர்களிடம் போய்ப் பேசி, வேலை இழந்தவர்களை மீன்பிடி வள்ளங்களில் ஏற்றிவிட்டார். பிடிக்கிற மீனில் பங்கு. கடல்காரர்கள் இந்த உதவியைச் செய்திராவிட்டால் போராட்டம் இரண்டு மாதம் தாங்கியிருக்காது என்பது என் எண்ணம். வயல் தரிசாகக் கிடந்தது. நிலக்காரர்கள் தாங்களே சேற்றில் இறங்கிப் பார்த்தார்கள், முடியவில்லை.

கடைசியில் அரசு நாகம் பிள்ளை என்ற முதல் வகுப்பு மாஜிஸ்திரேட்டை நடுவராக அனுப்பியது. இரண்டு தரப்பையும் வைத்துப் பேசினார். கூலி உயர்வு, பள்ளியில் சேர்க்கை, வழியில் நடக்கும் சுதந்திரம் எல்லாம் ஒப்புக்கொள்ளப்பட்டன. 1859-ல் நடக்காதது இங்கே நடந்தது. அடிபட்ட தரப்பு தன் வாயால் தனக்கு என்ன வேண்டும் என்று சொன்னது. எதிரே இருந்தவர் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது.

அத்தோடு சுபம் போட்டுவிடலாம் என்றால் முடியாது. நெய்யாற்றின்கரைக்கு வடக்கே ஊரூட்டம்பலம் என்று ஒரு ஊர். பூஜாரி அய்யன் என்பவரின் மகள் பஞ்சமியை அய்யங்காளியே கையைப் பிடித்து அங்குள்ள சர்க்கார் பள்ளிக்கு அழைத்துப் போனார். 1910-லேயே அரசு உத்தரவு இருந்தது, எனவே சட்டம் அவர் பக்கம். அந்தச் சின்னப் பெண் பெஞ்சில் உட்கார்ந்ததுதான் தாமதம், ஊர் திரண்டது. பள்ளிக்கூடத்துக்கே தீ வைத்துவிட்டார்கள். தங்கள் பிள்ளைகளும் படிக்கிற பள்ளிக்கூடம்! புலையர் குடிசைகள் எரிந்தன, சுற்றுப்புறமெல்லாம் கலகம் பரவியது. புலையர்களும் திருப்பி அடித்தார்கள். கொல்லம் ஆண்டு 1090, அதாவது 1914-15. அதனால் 'தொண்ணூறாமாண்டு கலகம்' என்று பெயர்.

சரி, அப்படியானால் முந்தைய பேச்சுவார்த்தை தோல்வியா? நான் அப்படிப் பார்க்கவில்லை. வயல் விஷயத்தில் பேசியவர்கள் நிலக்காரரும் வேலைக்காரரும். ஒருவருக்கு மற்றவர் தேவை. பள்ளிக்கூட விஷயத்தில் ஊர் பேசவேயில்லை, மேலிருந்து வந்த உத்தரவு மட்டும் இருந்தது. உத்தரவு கதவைத் திறக்கும், பக்கத்தில் உட்காருகிறவன் நகர்ந்து இடம்விடுவதை உத்தரவால் செய்ய முடியாது. அதற்காக உத்தரவு வேண்டாம் என்று அர்த்தமில்லை. அது இல்லாமல் பஞ்சமி வாசல்வரைகூட போயிருக்க முடியாது.

அதே 1915-ல் வடக்கே கொல்லம் பக்கம் பெரிநாட்டில் இன்னொரு கலகம். புலையப் பெண்கள் கழுத்தில் கல்லுமாலைதான் போட வேண்டும் என்று ஒரு வழக்கம், அதாவது அடிமையின் அடையாளம். அதைக் கழற்றச் சொன்ன கூட்டத்தில் அக்டோபர் 24-ஆம் தேதி அடிதடியாகி, குடிசைகள் எரிந்து, ஏராளமானவர்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். அய்யங்காளி கொல்லத்துக்குப் போனார். டிசம்பரில் ஒரு சர்க்கஸ் கூடாரத்தில் பெரிய கூட்டம் கூட்டினார். தலைமை தாங்க அழைத்தது யாரை என்று நினைக்கிறீர்கள்? சங்கனாசேரி பரமேஸ்வரன் பிள்ளையை, நாயர் சமுதாயத்தின் தலைவர்களில் ஒருவரை. இரண்டு தரப்பும் நிறைந்த அந்தக் கூடாரத்தில், அவர்கள் கண்முன்னால், பெண்கள் கல்லுமாலைகளை அறுத்துக் குவித்தார்கள். யாரும் தடுக்கவில்லை. 1859-க்கும் இதற்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். கலக வழக்குகளில் வாதாடிய வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லாமல் புலையர்கள் கொல்லத்தில் ஒரு குளமே வெட்டிக் கொடுத்தார்கள், கம்மான்குளம் என்று பெயர்.

இனி நண்பரின் கேள்விக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் கட்டப்பஞ்சாயத்துகள் சட்டவிரோதம், அடியோடு ஒழிக்க வேண்டும் என்று 2011-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சரியாகச் சொன்னது. அங்கேயும் இரண்டு தரப்பும் உட்காருகிறது, நடுவர் இருக்கிறார், ஊர் இருக்கிறது, சமரசம் என்ற வார்த்தையும் இருக்கிறது. ஆனால் ஒரு தரப்பு எழுந்து போக முடியாது. போனால் வீடு இருக்காது. கும்பிட்டு, காலில் விழுந்து, அபராதம் கட்டி, "ஊர் ஒத்துமையா இருக்கணும்" என்று தலையாட்ட வேண்டும். அடிபட்டவனே மன்னிப்புக் கேட்கும் விசித்திரத்தை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம்.

ஊரில் ஒரு வங்கியில் இருந்த காலத்தில் லோக் அதாலத்துக்குப் போயிருக்கிறேன். நல்ல ஏற்பாடுதான், 1987 சட்டத்தின்படி நடப்பது, கோர்ட் ஃபீஸ் கிடையாது, பல வருட வழக்கு ஒரே நாளில் முடியும். ஆனால் மேசைக்கு இந்தப் பக்கம் வங்கியின் வக்கீல், மேனேஜர், கோப்புகள். அந்தப் பக்கம் சைக்கிளில் வந்த ஒரு ரப்பர் வெட்டுத் தொழிலாளி. எவ்வளவு கட்டுவீர்கள் என்று கேட்டால் எங்கள் முகத்தைப் பார்ப்பார். கையெழுத்து விழும், கணக்கு முடியும். பேசித் தீர்த்தோம் என்று அறிக்கை போகும். அவர் பேசினாரா என்று அறிக்கையில் கட்டம் கிடையாது.

அய்யங்காளி மாஜிஸ்திரேட் முன்னால் உட்கார்ந்தபோது அவருக்குப் பின்னால் தரிசு வயலும் விழிஞ்ஞத்து வள்ளங்களும் இருந்தன. வேண்டாம் என்றால் எழுந்து போக முடியும், போனாலும் மக்கள் சாப்பிடுவார்கள். நியூசிலாந்துச் சட்டத்தில் அடிபட்டவர் மாட்டேன் என்று சொல்ல இடம் வைத்திருப்பதும் இதற்குத்தான். பலவீனமான தரப்பு மறுக்க முடிகிற இடத்தில் நடந்தால்தான் அது சமரசம், இல்லாவிட்டால் அடிக்கு இன்னொரு பெயர். நம்மூர்க்காரர்கள் 'அந்தக் காலத்துல எல்லாம் பேசித் தீர்த்துக்கிட்டாங்க' என்று பெருமைப்படும்போது, யார் பேசினார்கள் என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்.

எனக்கு உறுத்துவது வேறொன்று. தோள்சீலையைக் கண்ணீரோடு சொன்ன எங்கள் வீட்டில் பஞ்சமி பெயரை நான் கேட்டதேயில்லை. பாறசாலையில் வளர்ந்து, மார்த்தாண்டத்தில் பி.காம். படித்து, வங்கி வேலையில் சேர்ந்து, கடல்தாண்டி வந்த பிறகுதான் படித்தேன். இத்தனைக்கும் பக்கத்து ஊர்! நம் காயம் நமக்கு மனப்பாடம், அடுத்தவன் காயத்துக்கு நம் வீட்டுத் திண்ணையில் இடமில்லை.

அந்தப் பள்ளி இன்றும் நடக்கிறது. தீயில் எரிந்து மிஞ்சியது என்று சொல்லப்படும் ஒரு பெஞ்சைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள், பஞ்சமி பெஞ்சு என்றே பெயர். 2022-ல் கேரள அரசு பள்ளிக்கு அய்யங்காளி, பஞ்சமி இருவர் பெயரையும் வைத்தது. நூறு வருடத்துக்கு மேல் ஆனது. விடுமுறையில் ஊருக்குப் போகிறவர்கள் பிள்ளைகளைப் பத்மநாபபுரம் அரண்மனைக்கும் கன்னியாகுமரிக்கும் கூட்டிப் போவீர்கள். நெய்யாற்றின்கரையில் இறங்கினால் ஊரூட்டம்பலம் அதிக தூரமில்லை. பள்ளி நாளில் போங்கள், பிள்ளைகள் இருப்பார்கள்.