செம்பனை எண்ணெய்: ஆலைவரை தடம் காணல்

கடைக்கு வந்துசேர்ந்த செம்பனை எண்ணெய் எந்த ஆலையில் பிழியப்பட்டது, அந்த ஆலைக்குப் பழம் எந்தத் தோட்டங்களிலிருந்து வந்தது என்பதை ஆவணங்களின் வழியே பின்னோக்கிச் சென்று உறுதிசெய்வதே தடம் காணல். தமிழ்நாட்டில் பாமாயில் என்று வழங்கும் இந்த எண்ணெயை மலேசியத் தமிழர்கள் செம்பனை எண்ணெய் என்பார்கள். சிலாங்கூரின் தென்னமரம் தோட்டத்தில் 1917-இல் ஆன்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் வணிக நோக்கில் செம்பனை மரத்தை நடவு செய்தார். பின்னாளில் ரப்பர்த் தோட்டங்கள் செம்பனைக்கு மாறியபோது அங்கே குலை வெட்டியவர்களில் பெரும்பகுதியினர் தமிழர்கள். மரத்துக்கு இவ்வளவு பொருத்தமான ஒரு தமிழ்ப் பெயர் நிலைத்ததற்கு அவர்களே காரணம்.

உலக உற்பத்தியில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் இந்தோனேசியாவும் மலேசியாவும் தருகின்றன. காடழிப்பு, சதுப்பு நிலத்தை வடித்து எரித்தல், நிலப் பறிப்பு, தொழிலாளர் ஒடுக்குமுறை ஆகிய குற்றச்சாட்டுகள் இத்தொழிலை நெடுங்காலமாகத் தொடர்கின்றன. நல்ல தோட்டத்து எண்ணெயையும் அழிந்த காட்டிலிருந்து வந்த எண்ணெயையும் பிரித்தறிய வேண்டிய தேவை இங்கிருந்துதான் எழுந்தது. நிறம், மணம், ஆய்வகச் சோதனை எதுவும் அந்த வேறுபாட்டைக் காட்டாது. ஏடுகளும் எடைச்சீட்டுகளும் மட்டுமே காட்டும்.

ஆலை ஏன் மையம்?

செம்பனைப் பழம் காத்திருக்காது. குலையை வெட்டியவுடன் பழத்திலுள்ள நொதி எண்ணெயைச் சிதைக்கத் தொடங்குகிறது. கட்டற்ற கொழுப்பு அமிலம் மணிக்கு மணி ஏறும். அது 5 விழுக்காட்டைத் தாண்டினால் கச்சா எண்ணெய்க்கு நல்ல விலை கிடைக்காது. அதனால் வெட்டிய 24 முதல் 48 மணி நேரத்துக்குள் குலைகள் ஆலைக்குள் நீராவியில் வேக வேண்டும். கரும்பு ஆலைக்குக் கட்டு ஏற்றிச் செல்லும் விவசாயிக்கு இந்த அவசரம் புரியும். நெல்லைப் போலக் களஞ்சியத்தில் போட்டு வைக்கவோ, விலை பார்த்து விற்கவோ முடியாது. ஆகவே ஒவ்வோர் ஆலையும் தன்னைச் சுற்றிச் சில பத்துக் கிலோமீட்டர் தொலைவுக்குள் இருக்கும் தோட்டங்களையே நம்பி வாழ்கிறது. ஆலையின் இருப்பிடம் தெரிந்தால், அதன் பழம் எந்த நிலப்பரப்பிலிருந்து வந்திருக்கக்கூடும் என்பதும் தோராயமாகத் தெரிந்துவிடும்.

ஆலையைத் தாண்டியதும் நிலைமை மாறுகிறது. கச்சா எண்ணெய் லாரிகளில் துறைமுகத் தொட்டிகளுக்குப் போகிறது. சுமத்ராவின் டுமாய் போன்ற துறைமுகங்களில் பல ஆலைகளின் எண்ணெய் ஒரே தொட்டியில் கலக்கிறது. பிறகு சுத்திகரிப்பு, அதன் பிறகு ஓலீன் என்ற நீர்மப் பகுதி, ஸ்டியரின் என்ற திடப் பகுதி என்று பிரிப்பு, அதற்கும் பிறகு சோப்பு, கிளிசரின், ஷாம்பூவின் நுரைப்பொருள் என நூறு கிளைகள். கொட்டைக்குள் இருக்கும் பருப்பின் வழி இன்னும் சிக்கலானது. பல ஆலைகளின் பருப்பு தனிப் பருப்பு ஆலைகளுக்குச் சென்று, அங்கே பிழியப்பட்டு, மீண்டும் கலக்கிறது. பழம் பழமாகக் கண்ணுக்குத் தெரியும் கடைசி இடம் ஆலை வாசலிலுள்ள எடைமேடைதான்.

சான்று

நல்ல தோட்டத்து எண்ணெய்க்குச் சான்று வழங்கும் நிலைத்த செம்பனை எண்ணெய்க்கான வட்டமேசை, சுருக்கமாக ஆர்.எஸ்.பி.ஓ., 2004-இல் தொடங்கப்பட்டது. யூனிலீவர், சுவிட்சர்லாந்தின் மிக்ரோஸ் கடைத் தொடர், மலேசியத் தோட்ட முதலாளிகள் சங்கம், உலகளாவிய இயற்கை நிதியம் முதலியவை அதன் தொடக்க உறுப்பினர்கள். வாங்குபவர், விளைவிப்பவர், காட்டுக்காகப் போராடுபவர் ஆகிய மூவரும் ஒரே மேசையில் உட்கார்ந்தது அந்தக் காலத்தில் அரிய காட்சி. மலேசியாவின் யுனைடெட் பிளாண்டேஷன்ஸ் நிறுவனம் 2008-இல் சான்று பெற்றது. அதே ஆண்டு நவம்பரில் அதன் சான்று பெற்ற எண்ணெய் ரோட்டர்டாம் துறைமுகத்தில் இறங்கியது. இன்று உலக உற்பத்தியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இச்சான்றின் கீழ் வருகிறது. ஆயினும் சான்று பெற்ற எண்ணெய் முழுவதும் சான்றோடு விற்பனையாவதில்லை. கூடுதல் விலை கொடுக்க ஆள் இல்லாதபோது சாதாரண எண்ணெயாகவே அது சந்தைக்குப் போகிறது.

இந்த முறையில் சான்றின் அலகு ஆலையும் அதற்குப் பழம் தரும் தோட்டங்களும் சேர்ந்த தொகுதி. சான்று ஐந்தாண்டுக்குச் செல்லும்; ஆண்டுதோறும் தணிக்கையாளர் வருவார். எடைச்சீட்டு, கொள்முதல் ஏடு, பழத்தின் அளவுக்கு எண்ணெயின் அளவு பொருந்துகிறதா என்ற கணக்கு எல்லாம் பார்க்கப்படும். நூறு டன் குலையிலிருந்து இருபது டன்னை ஒட்டித்தான் எண்ணெய் கிடைக்கும். அதைவிட மிக அதிகமான எண்ணெயைச் சான்றோடு விற்றதாக ஓர் ஆலை காட்டினால், எங்கிருந்தோ வேறு பழம் உள்ளே வந்திருக்கிறது என்று பொருள். தடம் காணும் கலையில் இந்தச் சிறிய வகுத்தல் கணக்கு பல பெரிய தொழில்நுட்பங்களைவிடக் கூர்மையானது.

எண்ணெய் கைமாறும் வழிகள்

சான்று பெற்ற எண்ணெய் நான்கு வகைகளில் விற்கப்படுகிறது. ஊர்ச் செக்கை நினைத்தால் இது எளிதில் விளங்கும். நாம் கொண்டுபோன கடலையைத் தனியாக ஆட்டி, அதே எண்ணெயைக் கையில் தந்தால் அது முதல் வகை: அடையாளம் காத்த எண்ணெய். ஒரே ஆலையின் பெயர் கடைசிவரை கூடவே வரும். நல்ல கடலை என்று சோதித்து எடுத்த பலருடைய கடலையை மட்டும் ஒன்றாக ஆட்டினால் அது பிரித்துவைத்த எண்ணெய். பல சான்று ஆலைகளின் எண்ணெய் ஒன்றோடொன்று கலக்கலாம். சான்றில்லாதது கலக்கக் கூடாது. மூன்றாவது வகையில், நல்லதும் சாதாரணமானதும் சேர்த்து ஆட்டப்படும். நாம் கொடுத்த அளவுக்கு எண்ணெய் நமக்கு உண்டு, ஆனால் கையில் வருவது நம் கடலையினுடையதாக இருக்க வேண்டியதில்லை. இதற்குப் பொருண்மைச் சமன் என்று பெயர். வணிகத்தில் மாஸ் பேலன்ஸ் என்றே வழங்குகிறது. நான்காவதில் எண்ணெயே கைமாறுவதில்லை. விளைவிப்பவர் தம் சான்றுக்கான வரவை மட்டும் தனியே விற்கிறார். எண்ணெய் வழக்கமான சந்தைக்குப் போய்விடும். 2016 இறுதிவரை கிரீன்பாம் என்ற அமைப்பின் வழியாக நடந்த இந்த விற்பனை, பிறகு ஆர்.எஸ்.பி.ஓ.-வின் பால்ம்டிரேஸ் மேடைக்கு மாறியது.

மாஸ் பேலன்ஸ் எண்ணெயை ஏமாற்று என்று பலர் எழுதுகிறார்கள். அந்தக் கடுமை நியாயமன்று. தனித் தொட்டியும் தனிக் குழாயும் வைக்க முடியாத ஆலைகளும், பக்கத்துச் சிறு விவசாயிகளிடமும் பழம் வாங்கும் ஆலைகளும் இந்த வழியால்தான் சான்றுக்குள் வர முடிந்தது. ஆனால் அந்த எண்ணெய் வாங்கிய நிறுவனம் தன் பொட்டலத்துக்குள் காடழிப்பு இல்லை என்று சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது.

ஆலைப் பட்டியல்

காடழித்து வரும் செம்பனை எண்ணெயைக் கண்டித்து 2010 மார்ச்சில் கிரீன்பீஸ் அமைப்பு நெஸ்லேயின் கிட்கேட் மிட்டாயைக் குறிவைத்து நடத்திய இயக்கத்துக்குப் பிறகு, பெரிய வாங்குபவர்களின் பேச்சு மாறியது. 2013 டிசம்பரில் வில்மார் நிறுவனம், காடழிப்பு, சதுப்பு நிலம், சுரண்டல் மூன்றும் கூடாது என்ற கொள்கையைத் தனக்குப் பழமும் எண்ணெயும் தரும் அனைவருக்கும் பொருந்துவதாக அறிவித்தது. உலக வணிகத்தில் பெரும் பங்கைக் கையாளும் நிறுவனம் அது. கொள்கையைக் காக்க வேண்டுமானால் யார் தருகிறார் என்று தெரிய வேண்டும். சான்று இல்லாத ஆலைகளின் பெயர்களையும் திரட்டும் வேலை இப்படித்தான் தொடங்கியது. 2018-இல் யூனிலீவர் தனக்கு எண்ணெய் வரும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆலைகளின் பெயர்களை வெளியிட்டது.

பெயர்கள் வந்ததும் புதிய குழப்பமும் வந்தது. ஒரே ஆலை ஓர் ஏட்டில் ஊர்ப் பெயரிலும், இன்னொன்றில் குழுமத்தின் பெயரிலும், மூன்றாவதில் பழைய உரிமையாளரின் பெயரிலும் இருந்தது. உலக வளங்கள் நிறுவனம், ரெயின்ஃபாரஸ்ட் அலையன்ஸ், புரோஃபாரஸ்ட், டேமீட்டர் ஆகிய அமைப்புகள் சேர்ந்து 2018-இல் உருவாக்கிய அனைத்துலக ஆலைப் பட்டியல் இதைத் தீர்க்க முயன்றது. ஒவ்வோர் ஆலைக்கும் 'பி.ஓ.' என்று தொடங்கும் தனி எண்ணும், வரைபட இருப்பிடமும் அதில் உண்டு. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆலைகள் இடம்பெற்றுள்ளன. செயற்கைக்கோள் படத்தில் செம்பனை ஆலையைக் கண்டுபிடிப்பது கடினமன்று: நீண்ட கூரைகள், அருகில் வரிசையாகக் கழிவுநீர்க் குளங்கள். ஆலையின் இருப்பிடத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, வட்டத்துக்குள் காடு குறைகிறதா என்று வீட்டிலிருந்தபடியே இன்று ஒருவர் பார்க்கலாம். பொதுமக்கள் கைக்கு இந்தத் தகவல் வந்தது, இத்துறையில் நடந்தவற்றுள் மிகவும் மதிக்கத்தக்க மாற்றம்.

ஆலைக்குப் பின்னால்

ஆலைவரை தடம் கண்டுவிட்டோம் என்று ஒரு நிறுவனம் அறிவிக்கும்போது, பாதை பாதியில் நிற்கிறது. காடு ஆலை வாசலுக்குப் பின்னால் இருக்கிறது.

சுமத்ராவின் ரியாவு மாகாணத்தில் உள்ள டெஸ்ஸோ நிலோ இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. யானைகளும் புலிகளும் வாழும் அந்தத் தாழ்நிலக் காடு 2004-இல் தேசியப் பூங்காவானது. 2009-இல் விரிவாக்கப்பட்டு எண்பதாயிரம் ஹெக்டேரைத் தாண்டியது. பூங்காவுக்குள் மரம் வெட்டிச் செம்பனை நட்டவர்கள் பல்லாயிரம் ஹெக்டேரைப் பிடித்துக்கொண்டார்கள். உலகளாவிய இயற்கை நிதியத்தின் இந்தோனேசியக் கிளையினர் பூங்காவிலிருந்து குலை ஏற்றிப் புறப்பட்ட லாரிகளை நேரடியாகப் பின்தொடர்ந்தார்கள். 2013-இல் வெளிவந்த அவர்களுடைய அறிக்கை, அந்தப் பழம் பெயர்பெற்ற பெரிய குழுமங்களின் ஆலைகளுக்குள்ளும் நுழைந்ததைக் காட்டியது. ஆலைகளின் ஏடுகளில் பழத்தை விற்றவராக இருந்தது இடைத்தரகரின் பெயர். அவர் எந்த நிலத்தில் வாங்கினார் என்று எடைமேடை கேட்கவில்லை.

இடைத்தரகரைத் தீயவராக மட்டும் காண்பது தவறு. இந்தோனேசியச் செம்பனை நிலத்தில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு சிறு விவசாயிகளிடம் இருக்கிறது. பலருக்கு இரண்டு ஹெக்டேர்தான் நிலம். பத்து நாளுக்கொருமுறை கிடைக்கும் சில குலைகளுக்காக ஒருவர் லாரி பிடிக்க முடியாது. தரகர் வருகிறார், எடை போடுகிறார், அன்றே பணம் தருகிறார், உரத்துக்குக் கடனும் தருகிறார். ஆனால் பத்து வீட்டுப் பழம் ஒரே லாரியில் ஏறும்போது பத்து நிலங்களின் அடையாளமும் ஒன்றாகிவிடுகிறது. ஆலையோடு ஒப்பந்தத்தில் இருக்கும் 'பிளாஸ்மா' விவசாயிகளின் நிலம் வரைபடத்தில் இருக்கும். தனித்து நிற்கும் 'ஸ்வாடாயா' விவசாயிகளில் பலரிடம் ஊர்த் தலைவர் கொடுத்த கடிதத்தைத் தவிர நிலத்துக்கு ஆவணம் இல்லை. இவர்களுக்கென்று ஆர்.எஸ்.பி.ஓ. 2019-இல் தனித் தரம் வகுத்தது. குழுவாகச் சேர்ந்தால் படிப்படியாகச் சான்று பெறலாம். மலேசியாவில் விவசாயி, தரகர், ஆலை எல்லாரும் செம்பனை எண்ணெய் வாரியத்தின் உரிமம் வைத்திருக்க வேண்டும் என்பதால் அங்கே ஏடு சற்றுத் தெளிவு. அந்நாட்டின் சொந்தச் சான்றான எம்.எஸ்.பி.ஓ. 2020 முதல் கட்டாயம்.

ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் இயற்றிய காடழிப்புச் சட்டம் ஆலையோடு நிற்க விடுவதில்லை. 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடழிந்த நிலத்தின் விளைபொருள் ஐரோப்பியச் சந்தைக்குள் வரக் கூடாது. ஒவ்வொரு நிலத்தின் அட்ச தீர்க்க ரேகைகளும் ஆறு தசம இலக்கத்தோடு தரப்பட வேண்டும். நான்கு ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலமானால் எல்லைக்கோடு முழுவதும் வேண்டும். சட்டம் நடைமுறைக்கு வரும் நாள் ஒருமுறைக்கு மேல் தள்ளிவைக்கப்பட்டுள்ளது. அதன் நோக்கம் சரியானது. ஆனால் அளக்கும் செலவை யார் ஏற்பது என்று முடிவாகாவிட்டால், ஆலைகள் பெரிய தோட்டங்களின் பழத்தை மட்டும் ஐரோப்பாவுக்கு ஒதுக்கிக்கொண்டு இரண்டு ஹெக்டேர்க்காரரைக் கைவிடும். காட்டை அழிக்காத ஏழைக்கு அதைவிடப் பெரிய அநீதி இல்லை.

வரைபடம் காணாதவை

செயற்கைக்கோள் வெட்டுண்ட மரத்தைப் பார்க்கும். முதலாளியின் மேசைக்குள் பூட்டப்பட்ட தொழிலாளியின் கடவுச்சீட்டைப் பார்க்காது. 2020-இல் அமெரிக்கச் சுங்கத் துறை, கட்டாய உழைப்புக்கான அறிகுறிகளைக் காரணம் காட்டி, எஃப்.ஜி.வி., சைம் டார்பி ஆகிய மலேசியப் பெருநிறுவனங்களின் எண்ணெயை எல்லையில் நிறுத்த உத்தரவிட்டது. இரண்டுமே ஆர்.எஸ்.பி.ஓ. உறுப்பினர்கள். ஆலையின் பெயர் முன்பே ஏட்டில் இருந்ததால்தான் வாங்குபவர்கள் தங்கள் எண்ணெய் அங்கிருந்து வருகிறதா என்று உடனே பார்க்க முடிந்தது. ஆனால் தோட்டத்து வரிசை வீடுகளில் வாழும் தொழிலாளியின் நிலையை அறிய ஆள் நேரில் போய், அவருடைய மொழியில், மேலாளர் இல்லாத இடத்தில் பேச வேண்டும்.

இந்தியா

உலகிலேயே மிக அதிகமாகச் செம்பனை எண்ணெய் இறக்குமதி செய்யும் நாடு இந்தியா. ஆண்டுக்கு எண்பது, தொண்ணூறு லட்சம் டன். விலையே இங்கே முதல் கேள்வி என்பதால் சான்று பெற்ற எண்ணெய்க்குத் தேவை மிகக் குறைவு. 2021-இல் மத்திய அரசு 11,040 கோடி ரூபாயில் தொடங்கிய எண்ணெய்ப்பனை இயக்கம் உள்நாட்டுச் சாகுபடியைப் பெருக்க முனைகிறது. ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் ஒவ்வொரு பகுதியும் குறிப்பிட்ட ஓர் ஆலைக்கென ஒதுக்கப்பட்டு, பதிவு செய்த விவசாயி அங்கேயே பழம் தருகிறார். தோட்டம்வரை தடம் காண இதைவிட எளிய அமைப்பு அமையாது.

தமிழ்நாட்டின் நியாயவிலைக் கடைகளில் குடும்ப அட்டைக்கு லிட்டர் 25 ரூபாய்க்குக் கிடைக்கும் பாமாயில் பொட்டலத்தில் அடைத்த நிறுவனத்தின் பெயர் இருக்கும், அடைத்த நாள் இருக்கும். குலை வேகவைத்த ஆலையின் பெயர் இருக்காது.