இன்காவைப் பழித்து இன்கா வழியில் ஆண்டவர்: வைசிராய் பிரான்சிஸ்கோ தெ தொலேதோவும் பெருவின் மித்தா முறையும்

1569 நவம்பர் இறுதியில் லிமாவுக்கு வந்து, 1581 வரை பெருவை ஆண்ட ஸ்பானிய வைசிராய் பிரான்சிஸ்கோ தெ தொலேதோ. அர்ஜென்டீன வரலாற்றாசிரியர் ரொபெர்த்தோ லெவில்லியேருக்கு அவர் பெருவின் தலைசிறந்த அமைப்பாளர். ஆண்டீஸ் மலைநாட்டாரின் நினைவில் கடைசி இன்காவைக் கொன்றவர். நிர்வாகச் சாதனையையும் கொலையையும் தனித்தனியே எடைபோடுவதே வழக்கமாக இருந்துவருகிறது. இரண்டும் ஒரே அரசியல் தேவையிலிருந்து பிறந்தவை என்பது இக்கட்டுரையின் வாதம். இன்காக்களுக்கு ஆளும் உரிமையே இருந்ததில்லை என்று நிறுவ முயன்ற தொலேதோ, அவர்களுடைய உழைப்பு முறையைத்தான் தன் ஆட்சிக்கு அச்சாணியாக்கினார்.

ஆட்டம் கண்ட ஆட்சி

ஒரோபேசா பிரபுக் குடும்பத்தில் 1515-இல் பிறந்தவர் தொலேதோ. அல்காந்தரா வீரர் சங்கத்தைச் சேர்ந்தவர். பேரரசர் ஐந்தாம் சார்லஸின் ஊழியத்தில் வளர்ந்தவர். அவரை இரண்டாம் பிலிப் மன்னர் அனுப்பிவைத்த பெரு, வெற்றிகொள்ளப்பட்டதே ஒழிய அடங்கிய நாடு அல்ல. பூர்வகுடிகளின் உழைப்பையும் வரியையும் தனியாருக்கு ஒப்படைத்த எங்கோமியெந்தா முறையைக் கட்டுப்படுத்த 1542-இல் புதிய சட்டங்கள் வந்தன. அவற்றை நிறைவேற்ற வந்த முதல் வைசிராய் பிளாஸ்கோ நூன்யெஸ் வேலா, 1546-இல் கிளர்ச்சிக்காரர்களிடம் போரில் தோற்று உயிரிழந்தார். வில்கபம்பா மலைக்காட்டில் இன்கா வம்சத்தினர் தனியரசு நடத்திவந்தனர். பொதோசி மலையின் உயர்தர வெள்ளித் தாது தீர்ந்துகொண்டிருந்தது. இவை போதாதென்று, ஆண்டீஸை ஸ்பெயின் ஆள்வதே அநீதி, நாட்டை இன்கா வாரிசிடம் திருப்பித் தர வேண்டும் என்று ஸ்பானியத் துறவி பார்த்தொலொமே தெ லாஸ் காசாஸ் எழுதிவைத்துவிட்டு 1566-இல் மறைந்திருந்தார். கருவூலத்துக்கு வெள்ளி எவ்வளவு தேவையோ அவ்வளவு தேவை மகுடத்துக்கு நியாயமும்.

வரலாறு ஆயுதமானது

1570 அக்டோபரில் லிமாவை விட்டுப் புறப்பட்ட தொலேதோ ஐந்தாண்டுகள் நாட்டைச் சுற்றினார். மக்களைக் கணக்கெடுத்ததோடு, முதியவர்களைக் கூட்டி இன்காக்களின் பழங்கதையையும் விசாரித்துப் பதிவு செய்தார். கேள்விகளின் போக்கே விடையை ஒரு திசையில் தள்ளியது: இன்காக்கள் அண்மையில் வந்து வன்முறையால் நாட்டைப் பிடித்தவர்கள்தானே? இதன் தொடர்ச்சியாக பெத்ரோ சார்மியெந்தோ தெ கம்போவாவைக் கொண்டு இன்கா வரலாறு ஒன்றையும் எழுதுவித்தார். 1572-இல் அது இன்காக்களின் பழைய தலைநகரான கூஸ்கோவின் இன்கா வம்சப் பிரதிநிதிகளுக்கு வாசித்துக் காட்டப்பட்டு, அவர்களின் ஒப்புதலோடு மன்னருக்கு அனுப்பப்பட்டது. ஆளுநர் முன்னிலையில் பெறப்பட்ட ஒப்புதலின் மதிப்பு எவ்வளவு என்பது வெளிப்படை. 1906-இல்தான் அது அச்சேறியது.

எழுத்தில் முடித்த வழக்கை அதே ஆண்டில் வாளாலும் முடித்தார். வில்கபம்பாவுக்குப் படை சென்றது. இன்கா தூபாக் அமாரு சிறைபிடிக்கப்பட்டார். துறவியர் பலர் கெஞ்சியும் பலனில்லை. 1572 செப்டம்பர் 24 அன்று கூஸ்கோ சதுக்கத்தில் அவர் தலை துண்டிக்கப்பட்டது.

மித்தா: பெயர் பழையது, பொருள் புதியது

இன்கா ஆட்சியில் மித்தா என்பது முறைவைத்துச் செய்யும் அரசுப்பணி. அதுவும் கட்டாயம்தான். ஆனால் வேலை செய்பவருக்கு உணவும் மக்காச்சோள மதுவும் கருவிகளும் தருவது அரசின் கடன். பஞ்சத்தில் களஞ்சியம் திறக்கும் என்ற எதிர்பார்ப்பும் இருந்தது. தொலேதோவுக்கு முன்பே ஸ்பானியர் இம்முறையை ஆங்காங்கே கையாண்டனர். அதை ஓர் அரசு இயந்திரமாக்கியவர் அவர்தான்.

சுரங்க வேலைக்குக் கட்டாயப்படுத்தலாமா என்ற கேள்வி மன்னர் தரப்பிலேயே தீராதிருந்தது. 1570-இல் லிமாவில் அறிஞர்களையும் குருமாரையும் கூட்டி, பொதுநலனுக்காகச் செய்யலாம் என்ற கருத்தைத் தொலேதோ பெற்றுக்கொண்டார். பிறகு சிதறிக் கிடந்த மலைக்குடிகள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர், சதுக்கமும் தேவாலயமும் சிறையும் கொண்ட புதிய ஊர்களுக்கு இடம்பெயர்க்கப்பட்டனர். மதபோதனைக்கு வசதி என்பது ஒரு காரணம். வரிக்கும் வேலைக்கும் ஆளை எண்ணுவது எளிதானது என்பது மற்றொன்று. 18 முதல் 50 வயது வரையுள்ள ஆண்களே கணக்கின் அலகு. கூஸ்கோ வட்டாரத்திலிருந்து இன்றைய தென் பொலிவியா வரை 16 மாகாணங்கள், அந்த ஆண்களில் ஏறத்தாழ ஏழில் ஒருவரை ஆண்டுதோறும் பொதோசிக்கு அனுப்ப வேண்டும். மொத்தம் சுமார் 13,500 பேர். அவர்கள் மூன்று பிரிவாக, ஒரு வாரம் வேலை, இரு வாரம் ஓய்வு என்று மாறி மாறி உழைக்க வேண்டும். ஆளைக் கொண்டுவந்து சேர்க்கும் பொறுப்பு குராக்கா எனப்படும் குடித்தலைவருடையது.

தொழில்நுட்பமும் கைகொடுத்தது. அதுவரை காற்றில் எரியும் குவைரா என்ற சிற்றுலைகளில் பூர்வகுடியினரே வெள்ளியை உருக்கினர். உருக்கும் கலையும் ஆதாயத்தில் ஒரு பங்கும் அவர்களிடம் இருந்தன. 1572-இல் பாதரசக் கலவை முறை பொதோசிக்கு வந்ததும் தரங்குறைந்த தாதும் காசானது. ஊவான்காவெலிகா பாதரசச் சுரங்கங்களை அரசுடைமையாக்கியதால் மூலப்பொருளும் மகுடத்தின் பிடிக்குள் வந்தது. அரவை ஆலைகளைச் சுழற்ற நீர்த்தேக்கங்கள் எழுந்தன. உலை இழந்தவர்கள் கூலிகளாயினர். மித்தா கூலியோ, தன்விருப்பில் வருபவர் பெற்ற கூலியைவிடக் குறைவு. வெள்ளி பெருகி, 1592 வாக்கில் உச்சம் தொட்டது.

முறையின் சிதைவு

இன்கா மித்தாவின் கட்டாயத்தை எடுத்துக்கொண்ட தொலேதோ, அதன் கைம்மாற்றுக் கடமையை விட்டுவிட்டார். ஏற்பாட்டின் பலவீனம் அங்கேதான் இருந்தது. நோயால் மக்கள்தொகை சரிந்தது. ஒதுக்கீடு அதே வேகத்தில் குறையவில்லை. பலர் பிறந்த ஊரை விட்டு, மித்தா எட்டாத மாகாணங்களில் 'அந்நியர்' என்ற பெயரில் குடியேறினர். குராக்காக்கள் ஆளுக்குப் பதில் வெள்ளி கட்டினர். அதை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சுரங்கத்தை மூடிவைத்த ஆலையதிபர்களும் இருந்தனர். தொலேதோ கட்டிய ஊர்களும் மெல்லக் காலியாயின.

1581-இல் பெருவிலிருந்து திரும்பிய தொலேதோ, 1582 ஏப்ரலில் எஸ்கலோனாவில் இறந்தார். அரசரைக் கொன்றதற்காக பிலிப் மன்னர் அவரைக் கடிந்து விரட்டினார் என்று கார்சிலாசோ தெ லா வேகா எழுதியிருக்கிறார். கார்சிலாசோவின் தாய் இன்கா வம்சத்தவர் என்பதை மனத்தில் வைத்தே இதை ஏற்க வேண்டும். மன்னர் உண்மையில் கடிந்திருந்தால்கூட மித்தாவை நிறுத்தவில்லை.

தொலேதோ தனித்தனியே கையாண்ட வம்சமும் உழைப்பும் இரு நூற்றாண்டு கழித்து ஒன்றாயின. கொல்லப்பட்ட இன்காவின் வழித்தோன்றல் என்று உரிமை கோரிய குராக்கா ஹோசே காப்ரியேல் கொந்தோர்கங்கி, தன் மக்களைப் பொதோசி மித்தாவிலிருந்து விடுவிக்குமாறு 1777-இல் லிமாவில் மனு கொடுத்தார். மனு பலிக்கவில்லை, 1780-இல் தூபாக் அமாரு என்ற பெயருடன் கிளர்ந்தெழுந்தார். 1781-இல் அதே கூஸ்கோ சதுக்கத்தில் அவரும் கொல்லப்பட்டார். 1812-இல் ஸ்பெயினின் காதிஸ் நாடாளுமன்றம் மித்தாவை ஒழித்தது. இன்கா நினைவை அழிக்க எழுதிய வரலாறு தோற்றதற்கு மித்தாவே ஒரு காரணம்: அதன் சுமை கூடக் கூட, இன்கா காலத்தை நீதியின் காலமாக மக்கள் எண்ணத் தொடங்கினர்.