காகிதத்துல ஒரு ஜீப், ரோட்டுல ஒரு ஜீப்

போடிமெட்டு ஏறுற ஜீப்புகளைப் பார்த்திருக்கீங்களா? அதுல கம்பெனி மாட்டினது எது, பட்டறையில மாட்டினது எதுன்னு சரியாச் சொல்றவங்களுக்கு ஒரு டீ என் செலவு :-)

கொஞ்சம் பழைய கதை. 1946 ஜூலை 1 முதல் இந்தியாவில் மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயமாச்சு. அடுத்த சில வருஷத்துக்குள்ளேயே மஹிந்திரா பம்பாயில் வில்லிஸ் ஜீப்பைப் பூட்ட ஆரம்பிச்சது. ரெண்டும் கூடவே வளர்ந்தும் ஒத்துப்போகலை. பட்டறைக்காரர் பெரிய டயர், வின்ச், வேற எஞ்சின்னு மாட்டிக்கிட்டே போனார். இன்சூரன்ஸ்காரர் ஆர்.சி. புக்கை மட்டும்தான் பார்த்தார்.

2002 மோட்டார் டாரிஃபில் ஒரு வழி இருந்தது. விளக்கு, ஸ்டீரியோ மாதிரி கூடுதல் மின் சாமான்களின் மதிப்பைச் சொல்லி, அதில் 4 சதவீதம் கூடுதல் பிரீமியம் கட்டினா பாதுகாப்பு உண்டு. எஞ்சின், பாடின்னு போனா விஷயமே வேற. 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவை 2000த்தில் திருத்தி இறுக்கினாங்க. கேரளாவிலிருந்து போன வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும், தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக்கூடாதுன்னு சொல்லிடுச்சு.

எங்க சித்தப்பா ஜீப் ஒரு மழைநாள்ல பள்ளத்துல உருண்டது. ஆளுக்கு ஒண்ணுமில்லை. சர்வேயர் பானெட்டைத் திறந்தார். புக்கில் பெட்ரோல், உள்ளே டீசல் எஞ்சின். பேசாம மூடிட்டார். வருஷம் தவறாமக் கட்டின பிரீமியத்துக்கு ஒரு பைசா வரலை.

வண்டி வச்சிருக்கவங்க இன்னிக்கே ஆர்.சி. புக்கை எடுத்துக்கிட்டு வண்டி பக்கத்துல போய் நில்லுங்க. ரெண்டும் ஒரே வண்டிதானா?