மண்டரின் திரைக்கு வந்த வழி: சந்தை விளக்கத்தின் போதாமை

'அயர்ன் மேன் 3' (2013) படத்தில் மண்டரின் என்ற கொடிய எதிரி, கூலிக்கு வேடம் போட்ட ஒரு குடிகார நடிகனாக வெளிப்படுகிறான். சீனச் சந்தைக்குப் பயந்தே இப்படிச் செய்தார்கள் என்ற வாசிப்பு திரை விமர்சனத்தில் நிலைபெற்றுவிட்டது. அதற்குச் சான்று இல்லாமல் இல்லை. பெய்ஜிங்கின் டிஎம்ஜி நிறுவனம் தயாரிப்பில் பங்கெடுத்தது. சீனாவில் திரையிட்ட பதிப்பில் ஃபான் பிங்பிங் நடித்த காட்சி கூடுதலாக இடம்பெற்றது. ஆனால் இந்த வாசிப்பு காலவரிசையைக் கவனிக்கவில்லை. 2008இல் வந்த முதல் படத்திலேயே, படக்கதையில் மண்டரின் விரல்களில் அணியும் 'பத்து மோதிரங்கள்' ஆப்கானிஸ்தான் குகையில் பதுங்கிய ஆயுதக் கும்பலின் பெயராகிவிட்டது. மண்டரின் கண்ணில் படவே இல்லை. ஹாலிவுட்டின் கணக்கில் சீன வசூல் இவ்வளவு கனக்காத காலம் அது. மண்டரின் ஓர் இனவெறிக் கேலிச்சித்திரம் என்று மூன்றாம் படத்தின் இயக்குநர் ஷேன் பிளாக்கே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். மண்டரினை அப்படியே திரைக்குக் கொண்டுவருவதில் இருந்த இந்தத் தயக்கத்துக்குச் சந்தை துணைநின்றிருக்கலாம். அதைப் பிறப்பித்தது சந்தை அல்ல.

தயக்கத்தின் வேர் படக்கதையில் இருக்கிறது. ஸ்டான் லீயும் டான் ஹெக்கும் படைத்த மண்டரின், 'டேல்ஸ் ஆஃப் சஸ்பென்ஸ்' 50ஆம் இதழில் அறிமுகமானான். அட்டையில் உள்ள தேதி பிப்ரவரி 1964. அக்கால அமெரிக்கப் படக்கதைகள் அட்டைத் தேதிக்குச் சில மாதம் முன்பே கடைக்கு வந்துவிடும் என்பதால், பிறப்பாண்டை 1963 என்பதா 1964 என்பதா என்ற கேள்வியைத் திறந்தே வைக்கிறேன். சாக்ஸ் ரோமர் 1913இல் நூலாக்கிய ஃபூ மான்சூவின் சாயல் அவனிடம் அப்பட்டம். 1973இல் மார்வெல் அந்த ஃபூ மான்சூவையே உரிமம் பெற்று, ஷாங்-சீ என்ற புதிய நாயகனுக்குத் தந்தையாக்கியது. ஆக ஒரே வேரிலிருந்து இரு கிளைகள்.

என் வாதத்துக்கு முதன்மைச் சான்று, பலரும் துணுக்காகத் தள்ளிவிடும் 'ஆல் ஹெயில் த கிங்' (2014) என்ற குறும்படம். 'அயர்ன் மேன் 3'இல் மண்டரினாக வேடம் போட்ட அந்த நடிகனை, அதாவது பென் கிங்ஸ்லியின் டிரெவர் ஸ்லாட்டரியைச் சிறையில் பேட்டி காண்பவன், தான் பத்து மோதிரங்களின் ஆள் என்று காட்டிக்கொள்கிறான். உண்மையான மண்டரின் இருக்கிறான், தன் பெயர் களவாடப்பட்டதில் சினம் கொண்டிருக்கிறான் என்பதே அவன் கொண்டுவரும் செய்தி. இழந்த பெயரை மீட்க வரும் ஒருவன் என்ற கதைமுடிச்சு இங்கேதான் விழுகிறது. ஏமாந்த ரசிகர்களைத் தணிக்க மட்டுமே இது எடுக்கப்பட்டது என்றும் வாதிடலாம்; அதை முற்றாக மறுக்கும் சான்று என்னிடம் இல்லை. ஆனால் 'ஷாங்-சீ' (2021) படத்தில் பத்து மோதிரங்களின் தலைவனும் ஷாங்-சீயின் தந்தையுமான டோனி லியூங்கின் வென்வூ, உணவு மேசையில் அமர்ந்து தன் மீது ஒட்டவைத்த பெயரை எள்ளும்போது அதே முடிச்சுதான் அவிழ்கிறது. டிரெவரும் அவனுடைய கைதியாக அப்படத்தில் திரும்புகிறான். தற்செயல் இவ்வளவு தூரம் நீளாது.

அப்படம் சீனப் பெருநிலத்தில் வெளியாகவே இல்லை. எடுக்கும்போது அது தெரிந்திருக்காது என்பதால் இதைச் சான்றாக நான் அழுத்தவில்லை. அழுத்த வேண்டியது வேறு. வென்வூவிடம் காணும், மனைவியை இழந்து துக்கத்தில் தடம்புரளும் தந்தைமை மண்டரின் கிளையில் கிடையாது. தந்தை என்ற இடம் ஷாங்-சீ கிளையில் ஃபூ மான்சூவுக்கு உரியது. ரோமரின் பாத்திரத்துக்கான உரிமம் மார்வெலின் கையை விட்டுப் போனபின், 2010இல் படக்கதையே அந்தத் தந்தைக்கு ஜெங் சூ என்று வேறு பெயர் சூட்டியிருந்தது. திரை அந்த இடத்தில் வென்வூவை அமர்த்தி, மோதிரங்களை விரலிலிருந்து முன்கைக்கு மாற்றியது. எனவே வென்வூவைத் திருத்தப்பட்ட மண்டரின் என்று மட்டும் வாசிப்பது பாதி வாசிப்பே. அவன் ஃபூ மான்சூவின் இடத்துக்கு வந்த தந்தை.